பானைக்குள்ள யார் பேரு ஓலை?

பொங்கலுக்கு நாடகம் போடப்போற நம்ம பக்கத்துத் தம்பி தங்கச்சிங்க எல்லாருக்கும், பேரளம் கடைத்தெருவுல ஜெராக்ஸ் கடை வச்சிருக்க அக்கா எழுதுறது.

உங்கள்ல ரெண்டு பேரு போன வாரம் ஒரு நோட்டைக் கொண்டாந்து "டைப் பண்ணிக் குடுங்கக்கா, எல்லாருக்கும் காப்பி போடணும்"னு குடுத்துட்டுப் போனீங்க, 38 பக்கம், பென்சில்ல அடிச்சுத் திருத்தி எழுதினது. ரெண்டு ராத்திரி உக்காந்து அடிச்சேன். வேற யார் எதைக் குடுத்தாலும் எழுத்தைப் பாத்து விரல் தானா ஓடும், என்ன இருக்குன்னு மனசுல நிக்காது. இது அப்படி இல்ல, பாதிப் பக்கத்துக்கு ஒரு தடவ கை நின்னு போச்சு. சோழ நாட்டுல ராஜா இல்லாம ஜனங்களே ஆண்டிருந்தா எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சிருக்கீங்க பாருங்க, அதுக்கே உங்களக் கையெடுத்துக் கும்பிடணும். எல்லாரும் குதிரை, யானை, கடாரம்னு எழுதிட்டு இருக்கப்போ நீங்க சிம்மாசனத்தையே காலியாக்கிப் பாத்திருக்கீங்க. ஆனா சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கு. வாங்க வந்தப்போ கடைல கூட்டம், பாதிதான் சொன்னேன். மீதிய எல்லாருக்குமா எழுதிடுறேன், ஏன்னா வசூல் குடுக்குறது ஊரு, பாக்கப்போறதும் ஊரு.

முதல் விஷயம் உங்க ஆரம்பக் காட்சி. 1279, மூணாம் ராஜேந்திரன், பாண்டியன் படை வந்துருச்சு, ராஜா மகுடத்தைக் கழட்டிக் கோயில் படில வச்சுட்டு "இனி நீங்களே ஆளுங்க"ன்னு சொல்லிட்டு இருட்டுல நடந்து போறாரு, ஜனங்க அழுகுறாங்க. படிக்கையில எனக்கும் தொண்டை அடைச்சுது, பொய் சொல்லல. 1279ஓட சோழ வம்சம் முடியுறதும், மாறவர்மன் குலசேகர பாண்டியன் கைக்கு இந்த மண்ணு போறதும் நடந்த சரித்திரம், அதுல தப்பில்ல. ஆனா குடியரசை ராஜா கையால குடுக்க வைக்காதீங்க. ராஜா குடுத்தா அது தானம்தானே, பிராமணங்களுக்கு பிரமதேயம், கோயிலுக்கு தேவதானம்னு நெலம் குடுத்த மாதிரி இதையும் ஒரு செப்பேட்டுல எழுதிக் குடுத்தாருன்னு ஆகிப்போகும். அழுதுக்கிட்டே வாங்கிக்கிட்ட ஜனங்க மறுநாள் காலைல என்ன பண்ணுவாங்க? இன்னொரு ராஜாவத்தான் தேடுவாங்க. உங்க ரெண்டாவது காட்சிலயே ஊர்ப் பெரியவரு ஒருத்தரு கிட்டத்தட்ட ராஜா மாதிரிதான் பேசுறாரு, கவனிச்சீங்களான்னு தெரியல.

நம்ம மண்ணுல நெசமாவே ராஜா போன தருணங்களப் பாத்தாலும் ஜனங்கள யாரும் ஒரு வார்த்த கேக்கல. 1799ல தஞ்சாவூர் மராட்டிய ராஜா சரபோஜி ஒரு ஒப்பந்தம் போட்டு ராஜ்யத்தக் கிழக்கிந்தியக் கம்பெனிகிட்ட குடுத்துட்டு கோட்டையையும் அதச் சுத்தி கொஞ்சத்தையும் வச்சுக்கிட்டாரு. 1855ல அவரு மகன் சிவாஜி ஆண் வாரிசு இல்லாம செத்தாரு, கம்பெனி மிச்சத்தையும் எடுத்துக்கிச்சு, ராணி காமாட்சி பாய் கேஸ் போட்டு அது லண்டன் வரைக்கும் போய் 1859ல கோர்ட்டு இதுல தலையிட முடியாதுன்னு சொல்லிட்டாங்க. ராஜா போனாரு, குடியாட்சி மட்டும் வரல.

இன்னொண்ணு, காரைக்கால். எங்க அத்தைய அங்கதான் கட்டிக் குடுத்துருக்கு, பஸ் ஏறினா கொஞ்ச நேரம். அரசலாறு கும்பகோணத்தத் தாண்டி வந்து அங்கதான் கடல்ல விழுது, அதே தண்ணி, அதே நெல்லு, ஆனா 1739ல இருந்து பிரெஞ்சுக்காரன் கைல. 1848ல பிரான்ஸ்ல ராஜாவ விரட்டிட்டுக் குடியரசுன்னு சொன்னாங்க, 1870கள்ல இருந்து காரைக்கால் பாண்டிச்சேரி ஆம்பளைங்க ஓட்டுப் போட்டு பாரிஸ் பார்லிமெண்டுக்கு ஒரு மெம்பர அனுப்பிட்டு இருந்தாங்க. ஆத்துக்கு இந்தப் பக்கம் தஞ்சாவூர் ஜில்லால ஓட்டுன்னா என்னன்னே தெரியாத காலம் அது. கேக்க எவ்ளோ பெருமையா இருக்கு. ஆனா போன மெம்பருங்க பெரும்பாலும் பிரான்ஸ்காரங்க, வெள்ளைக்காரங்களுக்கு ஒரு ஓட்டர் லிஸ்ட்டு நம்மாளுங்களுக்கு வேற லிஸ்ட்டுன்னு பிரிச்சு வச்சிருந்தாங்க, பொம்பளைங்களுக்கு பிரான்ஸ்லயே 1944லதான் ஓட்டு வந்துச்சு. 1954 நவம்பர் 1 வரைக்கும் அங்க அவங்க கொடிதான் பறந்துச்சு. குடியரசுன்னு பேரு வச்சுட்டா போதாதுங்கறதுக்கு நாம வேற எங்கயும் போகவேண்டாம், அத்தை வீட்டுக்குப் போனா போதும். இத நாடகத்துல வைக்கச் சொல்லல, எழுதுறப்போ மனசுல இருக்கட்டும்னு சொல்றேன்.

இப்ப குடவோலைக்கு, அதாவது பானைல ஓலை போட்டு ஆள எடுக்குற மொறைக்கு வரேன், எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்த இடம் இதுதான். 14ஆம் பக்கத்துல "ஊரே கூடி ஓலை போட்டு, ஏழை பணக்காரன் பாக்காம தலைவனத் தேர்ந்தெடுத்த நாடு இது"ன்னு ஒரு வசனம் வச்சிருக்கீங்க. கைத்தட்டு பிச்சுக்கும், தெரியும். ஆனா அது நெசமில்ல தம்பிங்களா. அந்த மொறையச் சொல்ற உத்தரமேரூர் கல்வெட்டு பராந்தக சோழன் காலத்துது, 919லயும் 921லயும் வெட்டினது. ஒரு தடவ கும்பகோணத்துல படிக்கிற பொண்ணு ஒண்ணு ஆய்வேடு டைப் பண்ணக் குடுத்துச்சு, அதுல முழுசா இருந்துச்சு, நான் தனியா ஒரு பிரிண்ட் எடுத்து வச்சுக்கிட்டேன். முப்பது குடும்பு, நம்ம வார்டு மாதிரி, குடும்புக்கு குடும்பு பேரு எழுதி பானைல போடணும். பானைல பேரு வரணும்னா கால் வேலிக்கு மேல வரி கட்டுற நிலம் இருக்கணும், சொந்த மனைல வீடு கட்டி இருக்கணும், வயசு 35க்கு மேல 70க்குள்ள, வேதம் படிச்சிருக்கணும். அது பிராமணங்க சபை. கால் வேலின்னா நம்ம கணக்குல அஞ்சு மா. எங்கப்பாவுக்கு ரெண்டு மா, அதுவும் குத்தகை. அவரு பேரு அந்தப் பானைக்குப் பக்கத்துலயே போயிருக்காது, எங்கம்மா பேரப் பத்திப் பேச்சே இல்ல. உங்கள்ல எத்தன பேரு வீட்டுல அஞ்சு மா இருக்கு, கொஞ்சம் எண்ணிப் பாருங்க.

அதுக்காக அந்தக் கல்வெட்டத் தூக்கிப் போடச் சொல்லல. அதுல ரெண்டு விஷயம் படிச்சப்போ உடம்பு சிலிர்த்துச்சு. ஒண்ணு, ஓலை எடுக்குற விதம். சபை கூடினதும் ஒரு பெரியவரு பானைய எல்லாருக்கும் தெரியற மாதிரி தூக்கிப் புடிக்கணும், ஒண்ணும் தெரியாத சின்னப் பையன் ஒருத்தனக் கூப்ட்டு ஓலைய எடுக்கச் சொல்லணும், அத வாங்குறவரு அஞ்சு விரலையும் விரிச்சு வச்சுக்கிட்டு உள்ளங்கைலதான் வாங்கணும், அப்புறம் வாசிக்கணும், அங்க இருக்க பூசாரிங்க எல்லாரும் திரும்ப வாசிக்கணும். அஞ்சு விரலையும் விரிச்சுன்னு கல்லுல வெட்டியிருக்காங்கன்னா, அதுக்கு முன்னாடி எவனோ விரலுக்குள்ள ஒரு ஓலைய ஒளிச்சு வச்சு மாத்திருக்கான்னுதானே அர்த்தம்! ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடி நடந்த கள்ள ஓட்டு என் கண்ணுக்கு முன்னாடி வந்து நின்ன மாதிரி இருந்துச்சு. இத மேடைல பண்ணிக் காட்டுங்க, வசனமே வேண்டாம். ஒரு கை, விரிஞ்ச விரல், ஓலை விழற சத்தம், அவ்ளோதான்.

ரெண்டாவது, கணக்கு. வாரியத்துல, அதாவது ஊர்க் கமிட்டில, இருந்துட்டு கணக்குக் காட்டாதவன் பேரும், அவன் நெருங்கின சொந்தக்காரங்க பேரும் திரும்பப் பானைக்குள்ள போகக் கூடாது. இத டைப் அடிச்ச அன்னைக்கு எனக்கு எங்க ஊரு கிராமசபைதான் ஞாபகம் வந்துச்சு. ஒரு அக்டோபர் 2, நான் போயிருந்தேன், வேப்பமரத்தடில சாமியானா போட்டு நாப்பது அம்பது நாற்காலி. உள்ள நுழையும்போதே மினிட்ஸ் நோட்ட நீட்டி கையெழுத்துப் போடச் சொன்னாங்க, புரட்டிப் பாத்தா தீர்மானம் எழுத வேண்டிய பக்கமெல்லாம் வெறுமையா கிடக்கு. தீர்மானமே எழுதல எதுக்குக் கையெழுத்துன்னு கேட்டேன், "கோரத்துக்குமா, கூட்டம் சேந்தாதான நடத்த முடியும்"னாங்க. வாய்க்கா தூர் வாரினதுக்கு எவ்ளோ செலவுன்னு கணக்கு வாசிக்கச் சொன்னேன். வாசிச்சாங்க, மைக்க கொஞ்சம் தள்ளி வச்சுக்கிட்டு. எனக்குப் பக்கத்துல உக்காந்திருந்த நூறு நாள் வேலை அம்மா ஒருத்தங்க "அந்த வாய்க்கால்ல நாங்கதான மண்வெட்டி புடிச்சோம், அத்தன நாளு எங்க வெட்டினோம்"னு என் காதுல மட்டும் சொன்னாங்க, எழுந்து சொல்லுங்கன்னா மாட்டேன்னுட்டாங்க. அந்த அம்மாவோட குரலு மேடைல கேக்கணும், அதான் நான் உங்ககிட்ட கேக்குறது.

எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்னு எனக்கு ஒரு யோசன இருக்கு. 1279ஐ விட்டுருங்க, 150 வருஷம் தள்ளி வாங்க, 1429. விஜயநகர ஆட்சி, ரெண்டாம் தேவராயன் காலம், அப்பவும் இந்த மண்ணுக்கு சோழ மண்டலம்னுதான் பேரு. பழைய தஞ்சாவூர் ஜில்லால கொருக்கைன்னு ஒரு ஊரு, அங்க கோயில்ல ஒரு கல்வெட்டு இருக்கு. வலங்கைல 98 பிரிவு, இடங்கைல 98 பிரிவு, ரெண்டு பக்கத்து ஜாதிக்காரங்களும் ஒண்ணா கூடி வெட்டி வச்சது. ராஜாவ வாழ்த்தி தானம் குடுத்த கதை இல்ல அது. அவங்க சொல்றத நம்ம பேச்சுல சொன்னா, வெளைச்சலப் பாத்து வரி போடாம அநியாயமா போட்டாங்க, நாங்க ஊரையே விட்டுட்டு ஓடிப்போறதுக்கு இருந்தோம், அப்பதான் தெரிஞ்சுது நாங்க மண்டலம் முழுக்க ஒண்ணா இல்லாததாலதான் இப்படி நடத்துறாங்கன்னு, இனிமே வெளைச்சலுக்குத் தகுந்த நியாயமான வரியக் குடுப்போம், மொறையில்லாம கேக்குறத குடுக்க மாட்டோம். இந்த மாதிரி அந்த வருஷத்துல நம்ம பக்கம் இன்னும் சில ஊர்லயும் வெட்டியிருக்காங்க. வலங்கையும் இடங்கையும் அதுக்கு அப்புறம் எத்தன வெட்டு குத்து போட்டுக்கிட்டாங்கங்கறது தெரிஞ்ச கதைதான், அந்த ரெண்டும் ஒரே எடத்துல உக்காந்து ஒரே கல்லுல எழுதினாங்கன்னா எவ்ளோ பெரிய விஷயம்.

நெசத்துல அதுக்கப்புறம் விஜயநகரம் அப்படியேதான் இருந்துச்சு, அப்புறம் நாயக்கருங்க, 1676ல மராட்டியருங்க, அப்புறம் கம்பெனி. உங்க நாடகம் அங்கதான் பிரியணும். கொருக்கைல கூடினவங்க வரி குடுக்க மாட்டோம்னு வெட்டினதோட நிக்காம, நாட்டுக்கு நாடு (அப்ப நாடுன்னா பல ஊரு சேந்த பகுதி) ஆள அனுப்பி, ஆடி மாசம் ஆத்துல புதுத்தண்ணி வர்ற நேரம் மறுபடி கூடி, வரிய நாமளே வாங்கி நாமளே செலவு பண்ணுவோம்னு சொல்லியிருந்தா? அதிகாரி வந்து கேக்குறான், கணக்கன் ஓலைய மடில வச்சுக்கிட்டு எந்திரிக்காம உக்காந்திருக்கான். அந்தக் கணக்கன் அசையாம இருக்குற அந்த ஒரு நிமிஷத்துல ராஜ்யம் முடிஞ்சு போகுது. எனக்கு இப்படித்தான் தோணுது, நீங்க இன்னும் நல்லா எழுதுவீங்க.

இதுலயும் நான் விடமாட்டேன், அந்த 98லயும் எல்லாரும் சமமா உக்காந்திருப்பாங்கன்னு நான் நம்பல. அதனால இன்னொரு குடும்பத்தையும் கூட்டிட்டு வந்து அந்த சபைல உக்கார வைங்க. நம்ம திருப்பாம்புரம் கோயிலுக்கு நீங்க எல்லாரும் போயிருப்பீங்க, ராகு கேது பரிகாரத்துக்கு கார்ல கார்ல வராங்களே அதே கோயில்தான். அங்க மூணாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு ஒண்ணு, 1201ஆம் வருஷம். பஞ்சம், ஒரு காசுக்கு மூணு நாழி நெல்லுதான் கிடைக்குது, ஒரு வெள்ளாளரு தன்னையும் தன்னோட ரெண்டு பொண்ணுங்களையும் 110 காசுக்கு அந்தக் கோயிலுக்கு வித்துக்கிட்டாரு. சோழ நாடுன்னு நாம மாரத் தட்டிக்கிற அதே காலம், சோறுடைத்துன்னு பேரு வாங்கின அதே மண்ணு, நம்ம கடைத்தெருவுல இருந்து சைக்கிள்ல போற தூரம். ஆய்வேட்டுல இத அடிச்ச அன்னைக்கு சாயங்காலம் கடைய சீக்கிரமா சாத்திட்டு கோயிலுக்குப் போனேன். எந்தக் கல்லுல அது இருக்குன்னு எனக்குப் படிக்கத் தெரியாது, சுவத்தத் தடவிக்கிட்டே ஒரு சுத்து சுத்தி வந்தேன். பிரசாதம் வாங்க க்யூல ரெண்டு சின்னப் பொண்ணுங்க அவங்கப்பா கையப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சுங்க, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

அந்தப் பொண்ணுங்களோட வம்சம் 1429லயும் அதே கோயில்லயே நெல்லு குத்திட்டு இருந்துச்சுன்னு வைங்க. கற்பனைதான, வைக்கலாம். கொருக்கை சபைக்கு அந்த வம்சத்துப் பொண்ணு ஒருத்தி வந்து நிக்குறா. "நீங்க வரி குடுக்க மாட்டோம்னு சொல்றீங்க, சரி. எனக்கு வரியே இல்ல, ஏன்னா நானே ஒரு சொத்து, நான் இங்க உக்காரலாமா?"ன்னு கேக்குறா. வலங்கையும் இடங்கையும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்குறாங்க. உங்க நாடகத்தோட உசுரு இங்கதான் இருக்கு, இந்தக் கேள்விக்கு அந்த சபை என்ன பதில் சொல்லுதோ அதுதான் உங்க குடியரசு.

நான் ஏன் இவ்ளோ பிடிவாதமா சொல்றேன்னா, எங்க பாட்டி பண்ணையாளு. சாணிப்பாலு சவுக்கடின்னு, சாணியக் கரைச்சுக் குடிக்க வச்சு சவுக்கால அடிக்கிறத, புத்தகத்துல படிக்கிறீங்களே, அந்தத் தண்டனைய தன் அண்ணனுக்குப் பண்ணைல குடுத்தத எங்க பாட்டி கண்ணால பாத்தவங்க. எங்களுக்கு ராத்திரி கதை சொல்லும்போது அந்த எடம் வந்தா நிறுத்திட்டு வெத்தலை போட்டுக்குவாங்க. விவசாயிங்க சங்கத் தலைவரு பி. சீனிவாசராவ் மாதிரி ஆளுங்க, கன்னட தேசத்துல பொறந்து இங்க வந்து திருத்துறைப்பூண்டி மண்ணுலயே அடங்கினவரு, அவங்கள்லாம் ஊர் ஊரா சங்கம் கட்டி, அப்புறம் 1952ல தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. நாடு குடியரசு ஆகி ரெண்டு வருஷம் கழிச்சு. அதுக்கும் அப்புறம், 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணில 44 பேர ஒரு குடிசைல வச்சு எரிச்சாங்க, கூலி நெல்லு கொஞ்சம் கூட்டிக் கேட்டதுக்கு. ஜனவரி 26க்கு மிட்டாய் குடுத்து 18 வருஷம் ஆயிருந்துச்சு அப்ப. ராஜா யாரும் இல்ல, சட்டம் இருந்துச்சு, ஓட்டு இருந்துச்சு. அதனால "ராஜா போயிட்டாரு, எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்க"ன்னு முடிக்கிற உங்க கடைசிப் பக்கத்த என்னால டைப் அடிக்க முடியல, அத மட்டும் அடிக்காம வச்சிருக்கேன். மன்னிச்சுக்கங்க.

தண்ணிய மறந்துராதீங்க. உங்க 38 பக்கத்துல காவேரின்னு பதினோரு தடவ வருது, எல்லாம் வர்ணனை, ஒரு தடவகூட மடை வரல. டெல்டால ஆட்சின்னா மடைதான். குறுவைக்கு ஜூன் 12 மேட்டூர் தெறக்குறாங்களா, மதகு பாக்குற லஸ்கர் எந்த ஷட்டர எத்தன அடி தூக்குறாரு, நம்ம கடைமடைக்கு என்னைக்குத் தண்ணி வரும், நாத்தங்கால் காயுதே, இதத்தான நாம வருஷா வருஷம் பேசுறோம். உங்க குடியரசுல மடையத் தெறக்குறது யாரு? மேமடைக்காரன் தலைவனா இருந்தா கடைமடைக்குத் தண்ணி விடுவானா? குடிமராமத்துன்னு ஊரே சேந்து வாய்க்கா வெட்டினாங்கன்னு பெருமையா சொல்றோம், மண்வெட்டி புடிச்சது யாரு, வரப்பு மேல நின்னது யாரு? ஒரே ஒரு காட்சி வைங்க, சபை முடிஞ்சு ராத்திரில அந்தப் பொண்ணு மடைகிட்ட காவலுக்கு நிக்குறா, மேமடைக்காரன் வந்து அடைக்கச் சொல்றான், "சபைல சொன்ன நேரம் இன்னும் முடியல"ன்னு அவ சொல்றா. அவன் திரும்பிப் போயிடுறான். வெட்டு குத்து வேண்டாம், அவன் திரும்பிப் போறதே போதும், முன்னாடி வரிசைல உக்காந்திருக்க வயசானவங்களுக்கு அது என்னன்னு புரியும்.

பஞ்சாயத்த சாதாரணமா நெனச்சுறாதீங்கன்னு ஒரு வார்த்த. 2016 அக்டோபர்ல இருந்து 2019 டிசம்பர் தேர்தல் வரைக்கும் மூணு வருஷத்துக்கு மேல தமிழ்நாட்டுல எந்தப் பஞ்சாயத்துலயும் தேர்ந்தெடுத்த ஆளு இல்ல, தனி அலுவலர்தான். அந்த மூணு வருஷத்துல தெரு லைட்டு எரியலன்னு மனு டைப் பண்ண என் கடைக்கு வந்தவங்கள்ல பாதிப்பேரு "யாருக்குன்னு போடுறது"ன்னு என்னயே கேட்டாங்க. "பெறுநர்"னு அடிச்சுட்டு நான் உக்காந்திருப்பேன். கொருக்கைல கூடினவங்களுக்கு அந்தக் கேள்வி வந்திருக்காது.

இவ்ளோ எழுதிட்டு உங்க உழைப்பக் கொறச்சு சொல்றதா நெனச்சுக்காதீங்க. 22ஆம் பக்கத்துல அந்த வண்ணாத்திப் பாட்டி மகுடத்தத் தொட்டுப் பாத்துட்டு "இவ்ளோ கனமா, கழுத்து வலிச்சிருக்குமே"ன்னு சொல்றாங்க பாருங்க, அத யாரு எழுதினீங்களோ அவங்க கைய நான் புடிச்சுக்கணும். அந்த வரிய மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வெட்டிறாதீங்க. 1429க்கு மாத்தினாலும் அந்தப் பாட்டி இருக்கட்டும், மகுடத்துக்குப் பதிலா அதிகாரி விட்டுட்டுப் போன முத்திரையத் தொட்டுப் பாக்கட்டும்.

37 பக்கம் என் சிஸ்டத்துல பத்திரமா இருக்கு, பென் டிரைவ்லயும் ஒண்ணு போட்டு வச்சிருக்கேன். மாத்தி எழுதிக் கொண்டாங்க, எத்தன தடவ மாத்தினாலும் டைப்புக்குக் காசு வேண்டாம், பேப்பருக்கு மட்டும் குடுத்தா போதும். நாடகத்துக்குப் பானை வேணும்னா எங்க வீட்டுல பாட்டி நெல்லு அவிச்ச மண்பானை ஒண்ணு இருக்கு, வாய் அகலம், சின்னப் பையன் கை தாராளமா போகும். அந்தப் பொண்ணுக்கு ஒரு பேரு வைங்க, கல்வெட்டுப் பொண்ணுங்க பேரு எனக்குத் தெரியாது, நீங்களே வைங்க, அந்தப் பேரெழுதின ஓலை அந்தப் பானைக்குள்ள போகட்டும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல கடைல கூட்டம் இருக்காது, எல்லாரும் வாங்க, உக்காந்து பேசுவோம்.

அன்போட,
ஜெராக்ஸ் கடை அக்கா